எரிப்பதற்காகக் கட்டிய குடிசை

கம்பவுண்டர் யோபுவுக்கு அந்தப் பெயரை எதை நம்பி வைத்தார்களோ, தெரியாது. கிறிஸ்தவ வேதத்தில் வருகிற யோபுவுக்கு ஆடு மாடு போயிற்று, பிள்ளைகள் போனார்கள், உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் புண் வந்தது. அப்படியும் மனிதர் பொறுத்துக்கொண்டார். நம்முடைய யோபுவுக்குப் போனது வேலை ஒன்றுதான். அதுவும் வயது நிரம்பி, மாலை போட்டு, ஜெபம் பண்ணி, ஆளுக்கொரு லட்டு கொடுத்து, மரியாதையாகத்தான் மிஷன் ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். மறுவாரம் கொல்லைப்புறம் போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாழைமரத்தைத் திட்டினார்.

வீட்டில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் தொல்லை. மருமகள் கனகமணி தங்கமான பெண். அவர் வாளியைத் தொட்டால் வாளியைப் பிடுங்கிக்கொள்வாள். முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் முறத்தைப் பிடுங்கிக்கொள்வாள். "சும்மா இருங்க மாமா. இம்புட்டு நாள் உழைச்சது போதாதாக்கும்?" என்பாள். சும்மா இருப்பது எப்படி என்று யோபுவுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சிவகாசிப் பக்கத்தில் கம்பவுண்டராக இருந்தவருக்கு அதற்கு நேரம் ஏது? வெந்த கை, வெந்த முகம், வெடிமருந்து இடிக்கையில் கருகின தோள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். இவர் ஊதா மருந்தைப் பூசிப் பஞ்சை வைத்துக் கட்டுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஓர் ஆங்காரம் மனசில் இருந்தது. எப்போது பார்த்தாலும் தீதான் முந்திக்கொள்கிறது, நாம் பஞ்சும் கையுமாகப் பின்னால் போய் நிற்கிறோம். சாவதற்குள் ஒரு தரமாவது தீயை முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர்ச் சுவரெல்லாம் மஞ்சள் போஸ்டர் ஒட்டினார்கள். "முதியோரே, வாரீர்! தீத்தடுப்புச் சேவா சங்கத்தில் சேர்வீர்! ஓய்வைத் தியாகம் செய்வீர்!" ஓய்வை யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றிருந்த யோபு, சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் அது. எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு சங்கம் இருந்த காலம்.

சங்கத்தின் தலைவர் தனுஷ்கோடி முதலாளி. பட்டாசுக் கம்பெனி ஒன்றும் அச்சாபீஸ் ஒன்றும் அவருக்கு உண்டு. அந்த அச்சாபீஸில்தான் யோபுவின் மகன் மிஷின் ஓட்டினான். சங்கம் எதற்காகப் பிறந்தது என்பதை முதலாளியே முதல் கூட்டத்தில் ஒளிவு மறைவில்லாமல் விளக்கினார்.

"பெரியோர்களே! இந்தச் சமுதாயத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று ஒருநாள் சிந்தித்தேன். பட்டாசு செய்தோம். அது போதாது என்று என் உள்ளம் சொன்னது. தீயணைப்புப் படை ஒன்று காண விழைந்தேன். இளைஞர்களை அழைக்கலாமா? முடியாது. அவர்கள் என் கம்பெனியில் இருக்கிறார்கள். சீசன் நேரம், விடமுடியாது. அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. உங்களுக்குச் சீசனும் கிடையாது, சம்பளமும் கிடையாது. உங்களை விட்டால் தொண்டுக்குப் பொருத்தமானவர் யார்?"

கூட்டம் கைதட்டியது. யோபுவும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் தட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவித்த சீனிக்கிழங்கு விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். ஆளான பிள்ளைகள் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று கூடையைப் பிடுங்கி அட்டத்துப் பரணில் போட்டுவிட்டார்கள். கூடை போனாலும் குரல் போகவில்லை.

"மொதலாளி, வாளி எப்பக் குடுப்பீக?" என்று எழுந்து கேட்டாள்.

வாளிகள் மேடையில் வரிசையாக இருந்தன. சிவப்புப் பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றிலும் 'உபயம்: தனுஷ்கோடி' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. போட்டோ எடுத்து முடிந்ததும் அவற்றை மறுபடி கம்பெனிக் கிட்டங்கியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு முன்னால் தண்ணீர் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று காரியதரிசி மாணிக்கராஜ் விளக்கம் தந்தார். அவர் ரெவின்யூ ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் என்னவோ அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை.

"அதுவரைக்கும் எங்கனயாச்சும் தீப்பிடிச்சா?"

"விழாவுக்கு முன்னால் பிடிக்கும் தீ, சங்கத்தின் வரம்புக்குள் வராது" என்றார் காரியதரிசி.

பயிற்சி தொடங்கியது. தீயைப் பற்றிய பயிற்சி பிற்பாடு என்று சொல்லி, முதலில் சல்யூட் அடிக்கப் பழக்கினார்கள். அப்புறம் பிரமுகர் வரும்போது எப்படி எழுந்திருப்பது, அவர் உட்காரும்போது எப்படி உட்காராமல் இருப்பது, மாலை போட்டால் எந்தப் பக்கம் கழுத்தை நீட்டுவது என்று பழக்கினார்கள். மூட்டுவலிக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து ஓய்ந்துபோனார்கள். தீ எங்கே என்று யோபு கேட்டபோதெல்லாம், "வரும், வரும்" என்றார் காரியதரிசி.

தீ வருவதற்கும் ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருந்தது. சென்னையிலிருந்து டெபுடி டைரக்டர் ஒருவர் வந்து படையைத் தொடங்கிவைப்பார். அவர் கண்முன்னால் ஒரு குடிசையை எரித்து, படை அதை அணைத்துக் காட்டும். அதற்காக வெம்பக்கோட்டை ரோட்டோரம் புறம்போக்கு நிலத்தில் ஒரு குடிசை கட்டினார்கள்.

அடடா, அது குடிசை! அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று அதற்கு முன்னால் கிடையாது. சாணி போட்டு மெழுகின மண் சுவர், புதுப் பனையோலையில் நெருக்கிப் போட்ட கூரை, கதவு, விளக்கு வைக்க மாடக்குழி, உள்ளே ஓர் அடுப்பு. எரிக்கப்போகிற குடிசைக்கு அடுப்பு எதற்கு என்று யோபுவுக்கு விளங்கவில்லை. "பார்க்கும் பொதுமக்கள் உள்ளம் உருக வேண்டாமா? உண்மையான வீடு எரிவதாகவே தோன்ற வேண்டும்" என்றார் காரியதரிசி. பக்கத்தில் சிமிண்ட் தொட்டி ஒன்றும் கட்டி, ஒத்திகைக்கென்று தண்ணீர் நிரப்பினார்கள்.

டெபுடி டைரக்டர் வரவில்லை. பயணத்தைத் தள்ளிவைத்தார். பிறகு தள்ளிவைத்ததையும் தள்ளிவைத்தார். ஆடிக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. ரோட்டில் போகிறவன் வீசுகிற ஒரு பீடித்துண்டு போதும், குடிசை விழாவுக்கு முன்னாலேயே எரிந்துபோகும். ஆகவே சங்கம் தன் தொண்டர்களுக்கு முதல் சேவையை ஒப்படைத்தது. எரிக்கப்போகிற குடிசை எரிந்துவிடாமல் முறைவைத்துக் காவல் காப்பதுதான் அந்தச் சேவை.

யோபு காவல் காத்தார். வேப்பங்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு, இதுவும் ஒரு வேலைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காத்தார்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவரும் பேச்சியம்மாளும் காவலிருந்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் புகை கிளம்பிற்று. இருளம்மாள் வீடு. அவள் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குப் போயிருந்தாள். புருஷன் சங்கிலிமுத்து பட்டாசு லோடு ஏற்றின லாரியோடு வடக்கே போயிருந்தான், தீபாவளிச் சீசன் முடிந்துதான் திரும்புவான். சின்னஞ்சிறுசுகள் இரண்டும் வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தன.

"காவலை விட்டு நகரப்படாதுன்னு சட்டமிருக்கே" என்றார் யோபு. சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் கால் ஓடத் தொடங்கிவிட்டது.

பேச்சியம்மாள் பிள்ளைகளை இழுத்து அப்பால் தள்ளிவிட்டு, காலனியில் கிடந்த கிழடு கட்டைகளையெல்லாம் ஓர் அதட்டல் போட்டு எழுப்பினாள். கருப்பம்மாள் குடத்தோடு வந்தாள். கண் சரியாகத் தெரியாத, மகனோடு அடுத்தவர் திண்ணையில் ஒண்டியிருந்த ராக்காயி சட்டியோடு வந்தாள். ஒத்திகைத் தொட்டியிலிருந்து வரிசையாக நின்று தண்ணீரைக் கை மாற்றினார்கள். வரிசையின் முனையில், தீக்கு நேர் எதிரே, யோபு நின்றார். புருவம் பொசுங்கிற்று. இருளம்மாள் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்குத் தாவ வந்த தீயை, ஓலையை அறுத்துத் தள்ளி, தண்ணீரை வீசி, அங்கேயே மடக்கிவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போகவில்லை. பஞ்சு வைத்துக் கட்டவேண்டியதில்லாத ஒரு தீயை யோபு வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சங்கத்தில் அவசரக் கூட்டம். பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்து யோபு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

"தொட்டித் தண்ணீர் ஒத்திகைத் தீக்காக ஒதுக்கப்பட்டது" என்று காரியதரிசி ஆரம்பித்தார். "அதை நிஜத் தீக்குச் செலவழித்திருக்கிறீர்கள். எந்த விதியின்படி? ஆண்டு விழா காணாத, ஏன், திறப்பு விழாவே காணாத ஒரு படை, தீயை அணைத்தது எப்படிச் செல்லும்?"

"செல்லுமோ செல்லாதோ, அணைஞ்சு போச்சுங்களே" என்றார் யோபு.

முதலாளி பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "போகட்டும். முதல் தவறு, மன்னிப்போம். ஆனால் தொண்டர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விளம்பரமில்லாமல் அணைக்கப்படும் தீயால் சமுதாயத்துக்கு எந்த எழுச்சியும் ஏற்படுவதில்லை."

யோபு தொண்டையைச் செருமிக்கொண்டு இருளம்மாளைப் பற்றிச் சொன்னார். சட்டிபானை தவிர எல்லாம் போயிற்று, புளியமரத்தடியில் பிள்ளைகளோடு கிடக்கிறாள், அடைமழை வருவதற்குள் அவளுக்குச் சங்கம் ஒரு கூரை போட்டுத் தரவேண்டும் என்றார்.

"வழியில்லை" என்றார் காரியதரிசி.

"இப்ப அங்கன ஒரு குடிசை கட்டியிருக்கோமே?"

"அது எரிப்பதற்காகக் கட்டியது."

"அதே மாதிரி குடியிருக்கிறதுக்கு ஒண்ணு கட்டப்படாதா?"

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றி, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "குடியிருப்பதற்குக் கட்டினால் அது தர்மம். எரிப்பதற்குக் கட்டினால் அது பயிற்சி. பயிற்சிக்குத்தானய்யா சர்க்கார் மானியம் தருகிறது."

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "கம்பவுண்டரய்யா, நாம அந்தக் குடிசைக்குக் காவல்தானே?"

"காவல்தான்."

"ராவும் பகலும் அங்கனயே கெடந்து பாத்துக்கிட ஒரு ஆள் இருந்தா நல்லதா இல்லையா?"

யோபுவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டார். பயமாக இருந்தது. பயத்தோடு கூடவே, அன்றைக்குத் தீக்கு முன்னால் நின்றபோது இருந்தது போல ஒரு தெம்பும் இருந்தது. அன்று சாயங்காலமே இருளம்மாள் தன் சட்டிபானையோடும் பிள்ளைகளோடும் ஒத்திகைக் குடிசைக்குள் நுழைந்தாள்.

"எரிக்கிற வீடுன்னு சொல்றாகளே, ஆத்தா" என்று வாசலில் தயங்கினாள்.

"எரிக்கிறப்ப பாத்துக்கிடலாம். நீ போயி அடுப்புல ஒலையை வையி" என்றாள் பேச்சியம்மாள்.

காரியதரிசிக்குச் சேதி எட்ட ஒரு வாரம் ஆனது. ஓடி வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, கூரையிலிருந்து கிளம்பிய அடுப்புப் புகைதான்.

"ஏம்மா, அடுப்பை அணை! உடனே அணை! குடிசை தீப்பிடித்துவிட்டால் என்ன ஆவது?" என்று பதறினார்.

இருளம்மாள் அகப்பையோடு வெளியே வந்தாள். "எரிக்கத்தானய்யா கட்டுனீக?"

"அது எரிய வேண்டிய அன்றைக்கு எரியும். அதற்கு முன்னால் எரிவது விபத்து."

"அன்னைக்கு எரிஞ்சா?"

"சாதனை" என்றார் காரியதரிசி.

அதற்கப்புறம் முதலாளியே காரில் வந்து இறங்கினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. விழா அன்று முன்வரிசையில் இருளம்மாளுக்கு நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னார். தன் வீடு எரிவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் அந்தக் காலனியில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை என்றார். இருளம்மாள் கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். திரும்பிப் போகையில் முதலாளி யோபுவின் தோளில் கையைப் போட்டு, மகன் அச்சாபீஸில் நன்றாக வேலை பார்க்கிறான் என்றார். நல்ல பையன், அவனுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்றார்.

கடைசியில் டெபுடி டைரக்டர் தேதி கொடுத்துவிட்டார். புரட்டாசி பிறந்திருந்தது. உடனே முதலாளியின் அச்சாபீஸ் வேலையில் இறங்கியது. வருகிற வருஷத்தை இந்த வருஷமே அச்சடித்து விற்கிற ஊர் இது. ஆடியிலேயே அடுத்த தைக்குக் காலண்டர் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆகையால் விழா முடிந்த பிறகுதான் விழாப் படம் போடவேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆர்ட்டிஸ்ட் ஒருவர் வந்து குடிசையைப் பார்த்து வரைந்துகொண்டு போனார். வழுவழுப்பான தாளில் வண்ணக் காலண்டர் தயாராயிற்று. குடிசை கொழுந்துவிட்டு எரிகிறது. முதலாளி, இருபது வயது குறைந்து, கையில் வாளியோடு தீக்குள் பாய்கிறார். மேகத்திலிருந்து பாரதமாதா பூத் தூவுகிறாள். கீழே, "சங்கத்தின் முன்னிலையில் முற்றிலும் எரிந்து, முற்றிலும் அணைக்கப்பட்ட குடிசை" என்று கொட்டை எழுத்து. மிஷினில் அதை ஓட்டியவன் யோபுவின் மகன்தான்.

விழாவுக்கு முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் யோபு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு மாமா உங்களுக்கு இந்த வம்பு? அவுகளுக்கு வேலை போயிட்டா என்ன செய்யிறது? சும்மா இருங்க" என்றாள் கனகமணி.

"சும்மா இருக்கேம்மா" என்றார் யோபு. "நாளைக்கு அந்தப் பிள்ளைக வீடு எரியும். அப்பவும் சும்மா இருக்கேன். பொறவு மளையில நனைஞ்சு காய்ச்சல்ல கெடக்குங்க. போயி மருந்து குடுக்கேன். எனக்குத்தான் அது பளக்கமாச்சே."

கனகமணி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

விடிகாலையில் அவர் அடுப்படிக்குள் போய்ச் சத்தமில்லாமல் குடத்தை எடுத்தார். பின்னால் கனகமணி நின்றாள். பிடுங்கப்போகிறாள் என்று குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது ஓட்டைக் குடம் மாமா" என்றாள். "பித்தளையை எடுங்க. இன்னொண்ண நான் எடுத்துட்டு வாரேன்."

விழாவுக்குக் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. கம்பெனி வாட்ச்மேன்கள் காலையிலேயே வந்து இருளம்மாளின் சட்டிபானையை வெளியே எடுத்துவைத்து, அவளை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு குடிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாட்ச்மேன்கள் வருவதற்கு முன்பே கிழடுகள் ஒரு வேலையை முடித்திருந்தார்கள். ஏணியைச் சாத்தி, குடம் குடமாகத் தண்ணீரைக் கூரையில் கொட்டி ஊறவைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கு, தூசி பறக்கக் கூடாது என்று தெளித்ததாகச் சொன்னார்கள்.

டெபுடி டைரக்டரின் ஜீப் வந்து நின்றதும், தீத்தடுப்பு விழாவின் முதல் நிகழ்ச்சியாகச் சரவெடி கொளுத்தினார்கள். முதலாளி கம்பெனிச் சரக்கு, ஓலைக் கூரையிலிருந்து பத்தடி தள்ளி, நின்று நிதானமாக வெடித்தது. பொறிகள் கூரையில் விழுந்து சுர்ரென்று அணைந்தன. யோபு இருளம்மாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

விருதுநகரில் ரயிலைப் பிடிக்கவேண்டிய அவசரத்தில் டெபுடி டைரக்டர் சுருக்கமாக ஒரு மணி நேரம் பேசினார். "முதியோர் இந்த நாட்டின் சொத்து! சொத்தைப் பத்திரமாக ஓர் இடத்தில் வைத்துப் பூட்டி, விசேஷ நாட்களில் மட்டும் வெளியே எடுப்பது நம் பண்பாடு. இன்று உங்களை வெளியே எடுத்திருக்கிறோம். விழா முடிந்ததும் திரும்பவும் பத்திரப்படுத்துவோம். கிராமங்களில் வீடுகள் எரிகின்றன. ஏன் எரிகின்றன என்று ஆராய ஒரு குழு அமைத்தோம். ஓலையால் எரிகின்றன என்று குழு கண்டுபிடித்திருக்கிறது. அடுத்தபடியாக, ஓலை ஏன் எரிகிறது என்று ஆராய்வோம்!"

ஒத்திகை ஆரம்பம். முதல் விசிலுக்கு முதலாளி தீப்பந்தத்தால் கூரையைக் கொளுத்த வேண்டும். கூரை முழுக்கப் பிடித்துக் கொழுந்து விட்டபின் இரண்டாம் விசில். அதற்குப் பிறகுதான் வாளி. தொண்டர்கள் சல்யூட் அடித்து வரிசையாக நின்றார்கள். உபயமென்று எழுதின சிவப்பு வாளிகள் அன்றைக்குத்தான் தண்ணீரைப் பார்த்தன. வாளி இல்லாதவர்கள் வரிசையில் கனகமணி பித்தளைக் குடத்தோடு நின்றாள்.

விசில் ஊதியது. முதலாளி போட்டோவுக்கு ஒரு தரம் நின்று, பந்தத்தைக் கூரைக்கு நீட்டினார். ஈர ஓலை புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. கிட்டத்தில் போய் வாசலோரக் காய்ந்த ஓலையில் வைத்தார். சடசடவென்று ஒரு நாக்குத் தீ மேலே ஏறியது. முன்வரிசையில் பிள்ளைகள் வீரிட்டன.

"ஏய் கெளவி, இரண்டாம் விசில் இன்னும்..." என்று காரியதரிசி கத்துவதற்குள் பேச்சியம்மாள் வாளியைக் கவிழ்த்துவிட்டாள். பாதித் தண்ணீர் தீயில் விழுந்தது, மீதி முதலாளி மேல் விழுந்தது. பந்தம் அணைந்தது. வாட்ச்மேன் இன்னொரு பந்தத்தைக் கொண்டு ஓடிவந்தான். அதன் மேல் யோபு ஊற்றினார். அதற்கடுத்ததைக் கருப்பம்மாள் கையோடு பிடுங்கித் தொட்டிக்குள் முக்கினாள். கண் தெரியாத ராக்காயி, தீ இருக்கும் இடம் விளங்காமல், சத்தம் வந்த பக்கமெல்லாம் வீசினாள். காரியதரிசி நனைந்தார். கனகமணியின் குடம் சரியாகக் குடிசை வாசலில் கொட்டியது.

"என்ன காரியமய்யா பண்ணினீர்?" என்றார் முதலாளி.

யோபு விறைப்பாகச் சல்யூட் அடித்தார். பயிற்சி கொடுத்தது வீண்போகவில்லை. "தீயைக் கண்டோம், அணைச்சிட்டோம் மொதலாளி. எத்தனை தரம் வச்சாலும் அணைப்போம். அதுக்குத்தானே எங்களைக் கூட்டியாந்தீக?"

டெபுடி டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுந்து கைதட்டினார்.

"அற்புதம்! நான் போன ஊரிலெல்லாம் குடிசை சாம்பலான பிறகே படை விழித்துக்கொண்டது. இங்கே எரிய விடவே இல்லை! தலைவரின் பயிற்சியை என்னவென்று புகழ்வது!" என்று சொல்லி, சொட்டச் சொட்ட நின்ற முதலாளி கையில் வெள்ளிக் கேடயத்தைக் கொடுத்தார். முதலாளி என்ன செய்வார்? வாங்கிக்கொண்டு, எல்லாம் தன் திட்டம்தான் என்பதுபோலச் சிரித்தார்.

அந்த நேரத்தில் நிகழ்ச்சி நிரலின்படி காலண்டரை விநியோகம் பண்ணினார்கள். ஆளாளுக்குக் கையில் எரிகிற குடிசை, கண்ணெதிரே எரியாத குடிசை. கூட்டம் மாறி மாறிப் பார்த்தது. அச்சில் ஏறிவிட்டதே என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. டெபுடி டைரக்டரும் பார்த்தார். குடிசையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "படம் தத்ரூபமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

யோபுவின் மகனுக்கு வேலை போகவில்லை. மிஷினில் காலண்டர் ஆர்டர் மலைபோலக் கிடந்தது, சீசன் நேரத்தில் மிஷின்காரனை யார் அனுப்புவார்கள்? ஆனால் காரியதரிசிக்கு மனம் ஆறவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். குடிசைக்குள் இருளம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போர்வைக்குள் கிடந்தன. யோபுவும் பேச்சியம்மாளும் ஒழுகுகிற ஒரே ஒரு மூலைக்கு ஓலை சொருகிக்கொண்டிருந்தார்கள்.

"குடிசையைக் காலி பண்ணவேண்டும். இடிக்கப்போகிறோம்" என்றார் காரியதரிசி.

"எந்தக் குடிசைய்யா?" என்று கேட்டார் யோபு.

"இந்தக் குடிசைதான்."

இருளம்மாள் சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுவரைக் காட்டினாள். அங்கே காலண்டர் தொங்கியது. கொழுந்துவிட்டு எரிகிற கூரை, பாய்கிற முதலாளி, பூத் தூவுகிற பாரதமாதா.

"இதுதான் எரிஞ்சு போச்சே" என்றாள்.

"முற்றிலும் எரிஞ்சுதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காகளே. மெட்ராஸ்காரக கேடயம் வேற குடுத்துட்டுப் போயிருக்காக" என்றார் யோபு. "எரியாத குடிசைக்கா மானியம் வாங்குனீக? அப்பிடின்னா நாங்க அவுகளுக்கு எளுதிக் கேக்கட்டுமா?"

காரியதரிசி காலண்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஆபீஸ் வாழ்க்கையில் எத்தனையோ இல்லாததை இருப்பதாக எழுதியிருக்கிறார். இருப்பதை இல்லையென்று ஒப்புக்கொள்ளவேண்டிய நிலைமை அன்றைக்குத்தான் வந்தது. கூரையில் மழை அடித்தது. உள்ளே, ஓலை சொருகின மூலையில்கூட, ஒரு சொட்டு விழவில்லை.

"இங்கே குடிசை எதுவும் இல்லை" என்று அவர் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "வாங்கலே, போவோம்."

இல்லாத குடிசையின் வாசல் தாழ்வாக இருந்ததால், நன்றாகக் குனிந்து வெளியே போனார்.

பேச்சியம்மாள் பின்னாலேயே வாசலுக்கு வந்து, மழைக்கு மேலே குரலை உயர்த்திக் கூப்பிட்டாள்.

"காரியதரிசி ஐயா! அடுத்த வருச ஒத்திகைக் குடிசைக்கு வாசலைக் கொஞ்சம் ஒசத்தி வைக்கச் சொல்லுங்க. ராக்காயி மகன் நெட்டையன்!"